ஆணி இல்லாத ஷூ

இறால் வலையில் ஒரு உடம்பு சிக்கியிருக்கிறது என்ற சேதி மேட்டுக்குப்பத்துக்கு வந்தபோது ஐஸ்வர்யா தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு படகுத்துறையிலிருந்து ஏறிக்கொண்டிருந்தாள். சேதி கொண்டுவந்தவன் பேரைச் சொல்லவில்லை. "பச்சை பனியன். காலுல ஆணி ஷூ" என்று மட்டும் சொன்னான். குடத்தை எங்கே இறக்கினாள் என்பது அவளுக்குப் பிறகு ஞாபகம் வரவேயில்லை.

பொங்கல் விளையாட்டுக்காகப் பழவேற்காட்டுக்குப் போன இரண்டு பேர் வீடு திரும்பவில்லை. ஒருவன் அவள் தம்பி தேவேந்திரன். இன்னொருவன் நாலு வீடு தள்ளி இருந்த ஜமுனாவின் மகன் தருமலிங்கம். ஊருக்கு அவன் தருமு. இரண்டு பேருக்கும் ஒரே வயது, ஒரே கிளப். கிளப்புக்கு யாரோ எடுத்துக் கொடுத்த பச்சை பனியனும் கறுப்பு அரைக்கால் டவுசரும் கிரிக்கெட்டுக்கும் அதுதான், ஃபுட்பாலுக்கும் அதுதான். முதுகில் நம்பர் கிடையாது, எடுத்துக் கொடுத்தவர் பேர் மட்டும் பெரிதாக இருக்கும்.

அன்றைக்குத் தேவேந்திரன் ஒரு மைதானத்தில் பந்து வீசினான், தருமு இன்னொரு மைதானத்தில் கோல் போட்டான். மத்தியானத்துக்கு மேல் வாடைக் காற்று ஏறிவிட்டது. இன்னும் தாமதித்தால் ஏரியில் அலை அடிக்கும், சீக்கிரம் கிளம்புங்கள் என்று பெரியவர்கள் விரட்டியதில் இருவரும் ஆடிய காலோடு ஓடிப்போய்த் தாங்களே ஓட்டி வந்திருந்த படகில் ஏறினார்கள். ஷூவைக் கழற்றக்கூட இல்லை. பாதி ஏரியில் எஞ்சின் நின்றது. ஏரித் தண்ணீர் கடலுக்கு இறங்குகிற நேரம். முகத்துவாரம் படகை இழுத்துக்கொண்டது. கரையில் வலை போட்டுக்கொண்டிருந்தவர்கள், அலை மேல் அந்தப் படகு ஒருதரம் பக்கவாட்டில் எழுந்து நின்றதைப் பார்த்தார்கள். அப்புறம் பார்க்க ஒன்றுமில்லை.

நீந்தத் தெரியாத பிள்ளைகளா? நடக்கிறதுக்கு முன்னால் நீந்தியவர்கள். ஆனால் காலில் இறுக்கிக் கட்டின ஷூவோடு அந்தக் குப்பத்தில் யாரும் நீந்திப் பழகியதில்லை. இதை ஊரில் ஒருவரும் ஐஸ்வர்யாவின் முகத்துக்கு நேராகச் சொல்லவில்லை. சொல்லாததே அவளுக்குப் போதுமாக இருந்தது. இரண்டு ஜோடியையும் வாங்கி வந்தவள் அவள்தான்.

ஆரம்பாக்கத்தைத் தாண்டி இருந்த ஷூ கம்பெனியில் அவள் வேலை பார்த்தாள். விடிந்ததும் அப்பா, அவளுக்கு நைனா, படகில் கொண்டுபோய் அக்கரையில் விடுவார், அங்கிருந்து கம்பெனி பஸ். அடிப்பாகத்தைப் பசை தடவி ஒட்டுகிற வரிசையில் அவளுக்கு வேலை. மேலே பார்த்தால் எல்லாம் ஒரே மாதிரி பளபளப்புதான், திருப்பிப் பார்த்தால்தான் ஆட்டம் தெரியும் என்று வீட்டில் சொல்லிச் சிரிப்பாள். ஓடுகிறவன் ஷூவுக்குக் குதிகால் பஞ்சு வைத்து உயர்ந்திருக்கும், முன்னால் ஓட மட்டும்தான் அது. அதைப் போட்டுக்கொண்டு கபடியில் சட்டென்று பக்கவாட்டில் திரும்பினால் கணுக்கால் மடங்கும். ஷட்டில் ஆடுகிறவனுக்குச் சிமெண்ட் தரையைக் கவ்வுகிற தட்டையான ரப்பர். வேகப்பந்து வீசுகிறவன் ஓடிவந்து உடம்பு பாரத்தை எல்லாம் ஒரே காலில் போட்டு இடிக்கிறான், அதனால் அவனுக்குக் கனத்த குதி, முன்பக்கம் முடுக்கி வைத்த இரும்பு ஆணி. பந்து உதைக்கிறவனுக்கு ஷூ பாதத்தோடு தோல் மாதிரி ஒட்ட வேண்டும், அடியில் ரப்பர்க் கட்டைகள், அதுவும் உருண்டையாக.

இந்த வித்தியாசம் தருமுவுக்கு ஒரு நாள் நன்றாகப் புரிந்தது. காட்டூரில் ஒரு ஃபுட்பால் மேட்சுக்குத் தேவேந்திரனின் ஷூவை இரவல் வாங்கிக்கொண்டு போயிருந்தான். மேட்ச் ஆரம்பிக்குமுன் ரெஃப்ரி எல்லோரையும் வரிசையில் நிறுத்திக் காலைத் தூக்கிக் காட்டச் சொன்னார். இரும்பு ஆணியைப் பார்த்ததும், "இது கிரிக்கெட் ஷூடா. எவன் காலைக் கிழிக்க வந்தே நீ?" என்று வெளியே அனுப்பிவிட்டார். வெறுங்காலோடு ஆடவும் விடவில்லை. அன்றைக்கு வந்து ஐஸ்வர்யா வீட்டு வாசலில் உட்கார்ந்துகொண்டு, "அக்கா, எனக்கும் ஒரு ஜோடி வாங்கியாயேன். இவன் ஷூவப் போட்டா ஜெயில்ல போட்டுருவாங்க போலகீது" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தான்.

கம்பெனியில் தையல் கோணிய ஜோடிகளை வேலை செய்கிறவர்களுக்கே குறைந்த விலைக்குத் தள்ளிவிடுவார்கள். அப்படித்தான் தம்பிக்கும் வாங்கியிருந்தாள், தருமுவுக்கும் வாங்கினாள். இரண்டும் வெள்ளை, பக்கத்தில் நீலக் கோடு. ஊருக்கு அதுவும் ஆணி ஷூ, இதுவும் ஆணி ஷூ.

அரசு ஆஸ்பத்திரியின் பின்பக்கம், பிணவறைக்கு எதிரே, பெண்களை வெளியே உட்காரச் சொல்லிவிட்டார்கள். உள்ளே போனது ஐஸ்வர்யாவின் நைனா சின்னதம்பி மட்டும். ஜமுனாவின் புருஷன் தேடுகிற படகுகளோடு முகத்துவாரத்தில் இருந்தான், அவனுக்கு ஆள் போயிருந்தது, வந்து சேரவில்லை. அவன் வராமல் கிளம்ப மாட்டேன் என்று ஜமுனா குப்பத்திலேயே இருந்துவிட்டாள். ஐஸ்வர்யாவின் அம்மா கஸ்தூரியம்மாள், மகன் போன நாளிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் இருந்தாள். அழவும் இல்லை. கண் மட்டும் திறந்திருந்தது. கைப்பிடித்து நடத்தினால் நடப்பாள், உட்கார வைத்தால் உட்காருவாள். இவளும் போய்விடுவாள் என்று ஐஸ்வர்யா பயந்துகொண்டிருந்தாள்.

நைனா வெளியே வந்தார். துண்டை வாயில் பொத்தியிருந்தார். கூட வந்த போலீஸ்காரர், "மூஞ்சி தெரியலை. ஷூவையும் பனியனையும் வெச்சு அடையாளம் சொல்லியிருக்காரு" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். நண்டு கடித்திருந்தது என்பதை அவர் சொல்லவில்லை.

"நம்ம புள்ளதான், கஸ்தூரி" என்றார் நைனா.

அப்போதுதான் கஸ்தூரியம்மாள் அழுதாள். மண்ணில் புரண்டு, மார்பில் அடித்துக்கொண்டு, அடைத்து வைத்திருந்த அத்தனை நாளையும் சேர்த்து அழுதாள். அழுது ஓய்ந்தபின் யாரோ நீட்டிய பாட்டிலை வாங்கி மடக் மடக்கென்று குடித்தாள். அதைப் பார்த்து ஐஸ்வர்யாவுக்குத் தம்பி செத்த துக்கத்தோடு கூடவே ஒரு நிம்மதியும் வந்தது. அந்த நிம்மதிக்காக வெட்கப்பட்டாள்.

எல்லாம் முடிந்து உடம்பை வெள்ளைத் துணியில் சுற்றிக் கொடுத்தார்கள். போட்டிருந்த துணிமணி, ஷூ எல்லாம் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு முடிச்சிட்டு ஐஸ்வர்யாவின் கையில் கொடுத்தார் அங்கே வேலை செய்கிறவர்.

பழவேற்காட்டிலிருந்து படகில் கிளம்பினார்கள். வெயில் கொளுத்தியது. தண்ணீர் அசையாமல் கிடந்தது, அன்றைக்கு ஆளைக் கொன்ற ஏரி இதுதானா என்று கேட்கும்படி. நடுப்படகில் உடம்பு. அதன் காலடியில் அம்மா உட்கார்ந்து துணிக்கு மேல் பாதத்தைத் தடவிக்கொண்டே இருந்தாள். "ஓடி ஓடி எவ்ளோ களைச்சுப் போச்சோ எஞ்சாமிக்கு" என்று முனகினாள். பின்னால் சொந்தக்காரர் ஒருவர் எஞ்சினைப் பிடித்திருந்தார். அவருக்கு முன்னால் நைனா. நைனாவுக்குப் பக்கத்தில் மடியில் பையோடு ஐஸ்வர்யா.

பையிலிருந்து தண்ணீர் கசிந்து பாவாடையை நனைத்தது. பையை இறக்கி வைக்கலாம் என்று அடியில் கை கொடுத்துத் தூக்கினாள். பிளாஸ்டிக்குக்கு உள்ளே ஷூவின் அடிப்பாகம் விரலில் பட்டது. உருண்டையாக, மழுங்கலாக, வரிசையாக. ரப்பர்.

அவள் விரல்களுக்குத் தினமும் அதே வேலை. கண்ணால் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. ஆனாலும் முடிச்சை அவிழ்த்துப் பார்த்தாள். ஒரு ஷூவைத் திருப்பினாள். ஆணி பிடுங்கிக்கொண்டு போயிருக்குமோ என்று, ஆணி முடுக்குகிற பித்தளைக் குழியைத் தேடினாள். குழி இல்லை. அந்த அடிப்பாகத்தில் குழி இருக்கவே முடியாது, அது ஒரே அச்சில் வார்த்தது. இன்னொன்றையும் திருப்பினாள். அதுவும் அப்படியே.

"நைனா" என்றாள். எஞ்சின் சத்தத்தில் முன்னால் இருந்த அம்மாவுக்குக் கேட்கவில்லை. "நைனா, இது தேவு ஷூ இல்ல. இது தருமுது."

நைனா அவளைப் பார்க்கவில்லை. கரைப்பக்கம் பார்த்துக்கொண்டே, "பையைக் கட்டு" என்றார்.

"நைனா, நான் சொல்றது புரியலையா? இது பந்து ஒதைக்கிற ஷூ. தப்பா தூக்கினு வந்துட்டோம்."

"தெரியும்."

அவள் ஷூவைப் பைக்குள் வைத்துவிட்டு அவர் பக்கம் திரும்பினாள்.

"என் புள்ள என்னைவிட ஒசரம்" என்றார் நைனா மெதுவாக. "அங்க படுத்துக்கினு இருந்தவன் என் தோளுக்குத்தான் வருவான். துணிய எடுத்த ஒடனே தெரிஞ்சுபோச்சு."

"அப்புறம் ஏன் நைனா?"

"வெளியே உங்கம்மா உக்காந்துனு இருந்தாளே, பாத்தல்ல? இல்லைன்னு சொல்லிட்டு வந்தா இன்னும் எத்தினி நாளு இருப்பா அவ? முகத்துவாரத்த எனக்குத் தெரியும், ஐசு. ஒண்ண ஏரி குடுத்துச்சு. இன்னொண்ண கடல் வாங்கிக்கிச்சு. நம்முளுது இனிமே வராது. இதையாவது வெச்சு அவ அழுவட்டும், அழுதுட்டு எழுந்து சோறு தின்னட்டும்."

"ஜமுனா சித்தி?"

"ஜமுனா எம்பொண்டாட்டி இல்ல" என்றார் நைனா. சொன்ன மாத்திரத்தில் அவர் முகம் கோணிப்போயிற்று. துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினார். படகில் இருந்தவர்களுக்கு அது மகனுக்காக அழுகிற தகப்பனாகத்தான் தெரிந்தது. அதுவும் பொய்யில்லை.

ஐஸ்வர்யா பையைக் கட்டினாள். பேசாமல் இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தாள். அம்மா முதுகைப் பார்த்தாள். எலும்பு தெரிந்த முதுகு. நாளைக்குக் கஞ்சி குடிப்பாள், ஒரு மாதத்தில் பேசுவாள், வருஷம் திரும்பினால் சிரிக்கக்கூடச் செய்யலாம். அதற்கு ஐஸ்வர்யா செய்ய வேண்டியது ஒன்றுமே இல்லை, வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். மேட்டுக்குப்பத்துத் துறை தெரிகிற வரைக்கும் அவள் அந்த முடிவில்தான் இருந்தாள்.

துறையில் ஊரே நின்றது. படகு மணலைத் தொடுமுன்னே ஒரு பெண் முழங்கால் தண்ணீரில் இறங்கி ஓடிவந்தாள். ஜமுனா. தலை முடியாமல், சேலை நனைந்து, வந்த வேகத்தில் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு கஸ்தூரியம்மாளைக் கட்டிக்கொண்டு அழுதாள். தன் துக்கத்தை ஒதுக்கி வைத்துவிட்டு இவளுக்காக அழுதாள். அப்புறம் துணி சுற்றிய உடம்பின் பக்கம் திரும்பினாள்.

"தேவு, எங்கண்ணு, ஒன் கூடத்தானேடா வந்தான். அவன எங்கடா உட்டுட்டு வந்தே? ஒரு வார்த்த சொல்லேன்டா, சித்தி கேக்கறேன்ல" என்று அந்தத் துணியைப் பிடித்து உலுக்கினாள்.

தன் பிள்ளையையே உலுக்கி, தன் பிள்ளை எங்கே என்று கேட்டாள்.

ஐஸ்வர்யா எழுந்து நின்றாள். நைனா அவள் கையைப் பிடித்தார். விடுவித்துக்கொண்டாள்.

"சித்தி, அது தேவு இல்ல. அது தருமு."

ஒப்பாரி ஒரே அடியாக நின்றுபோனது.

"இன்னாடீ சொல்றே?" என்றாள் அம்மா. அத்தனை நாளில் மகளைப் பார்த்துப் பேசிய முதல் பேச்சு அது. "வாய மூடுடீ. புத்தி கெட்டுப்போச்சா ஒனக்கு?"

ஐஸ்வர்யா பையைப் பிரித்து ஷூவை எடுத்துத் தலைகீழாகத் திருப்பிக் காட்டினாள். "தேவுது இரும்பு ஆணி, ம்மா. இது ரப்பர். நான்தானே ரெண்டையும் வாங்கியாந்தேன்…" அதற்கு மேல் சொல்ல முடியவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. ஜமுனா அவள் கையிலிருந்து ஷூவைப் பிடுங்கியிருந்தாள். அவள் அடிப்பாகத்தைப் பார்க்கவில்லை. கயிற்றைப் பார்த்தாள். ஒரு பக்கக் கயிறு அறுந்து, அதற்குப் பதிலாக வலை பின்னுகிற நீல நைலான் நூலைக் கோத்திருந்தது. மேட்சுக்குக் கிளம்புகிற காலையில், "கயிறு அந்துபோச்சும்மா, ஏதாச்சும் குடு" என்று மகன் கேட்டபோது அந்த நூலைப் பல்லால் கடித்துக் கொடுத்தவள் அவள்தான்.

"இல்ல" என்றாள் ஜமுனா. பிறகு படகுக்குள் சரிந்து அந்த உடம்பின் மேல் விழுந்தாள்.

கஸ்தூரியம்மாள் எழுந்தாள். தடவிக்கொண்டிருந்த பாதத்திலிருந்து கையை எடுத்து, சேலையில் துடைத்துக்கொண்டாள். யார் தோளையும் பிடிக்காமல் படகிலிருந்து தண்ணீரில் இறங்கினாள். முகத்தில் துளி கண்ணீர் இல்லை. கூட்டத்தைப் பார்த்து, "பாத்தீங்களா? எம்புள்ள சாவல" என்றாள். நேரே வீட்டுக்குப் போய் அடுப்பைப் பற்றவைத்து உலை வைத்தாள். பிள்ளை பசியோடு வருவானாம்.

அன்று சாயங்காலமே தருமுவைக் கடற்கரைப் பக்கத்து மேட்டில் புதைத்தார்கள். அவன் அப்பா முகத்துவாரத்திலிருந்து வந்து சேர்ந்தபோது குழி வெட்டி முடித்திருந்தது. சின்னதம்பியைப் போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டார்கள். மூஞ்சி தெரியாத நிலையில், துக்கத்தில் தவறாகச் சொல்லிவிட்டார் என்று ஊர்ப் பெரியவர்கள் போய்ப் பேசினார்கள். அவர் துண்டைக் கையில் மடித்து வைத்துக்கொண்டு தலைகுனிந்து நின்றார். திட்டிவிட்டு அனுப்பினார்கள். நைனா தெரிந்தே சொன்னார் என்பதை ஐஸ்வர்யா யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் குப்பத்தில் எதுவும் ரொம்ப நாள் மறைந்திருக்காது. எஞ்சின் பிடித்தவருக்கு அவர்கள் பேச்சு பாதியாவது காதில் விழுந்திருக்க வேண்டும்.

கருமாதி அன்றைக்கு ஐஸ்வர்யா ஜமுனா வீட்டுக்குப் போனாள். வாசலிலேயே ஜமுனா எழுந்து வந்து மறித்தாள். நன்றி சொல்வாள் என்று ஐஸ்வர்யா எதிர்பார்க்கவில்லை. ஒரு பக்கத்தில் உட்கார்ந்து அழவிடுவாள் என்று மட்டும் நினைத்திருந்தாள்.

"இன்னாத்துக்கு வந்தே?" என்றாள் ஜமுனா. "நீ சொல்ற வரைக்கும் எம்புள்ள எங்கியோ கீறான்னு இருந்தேன். ஆந்திரா பக்கம் ஒதுங்கியிருப்பான், எவனாச்சும் கஞ்சி ஊத்துவான், நாளைக்கி வருவான்னு இருந்தேன். அதையும் புடுங்கிட்டியே. உங்க நைனாவுக்கு இருந்த எரக்கம் ஒனக்கு இல்லாமப் போச்சே, பாவி."

"சித்தி, அவரு உன்ன ஏமாத்தப் பாத்தாரு."

"ஏமாத்தட்டுமே. ஏமாந்துட்டுப் போறேன். போ, எம்மூஞ்சில முழிக்காதே."

அங்கே இருந்தவர்களில் ஒருவர்கூட ஜமுனா பேசியது தப்பு என்று சொல்லவில்லை.

கஸ்தூரியம்மாள் தேட ஆரம்பித்தாள். தேவேந்திரனின் போட்டோவைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு இடுப்பில் செருகிக்கொண்டு, ஆரம்பாக்கம் போய் ரயில் ஏறி, சூளூர்ப்பேட்டை, நாயுடுப்பேட்டை என்று தெரிந்த அரைகுறைத் தெலுங்கில் விசாரித்துக்கொண்டு திரிந்தாள். வடக்கே இருக்கிறான், தலையில் அடிபட்டு ஊர் பேர் மறந்திருக்கிறான் என்று எவனோ சோழி போட்டுச் சொன்னதை வேதவாக்காகப் பிடித்துக்கொண்டாள். தினமும் ஒரு தட்டில் சோறு எடுத்து வைத்து மூடினாள். காலையில் அதைக் கொட்டிக் கழுவினாள். கருமாதி பேச்சை எடுத்த சொந்தக்காரர்களை விளக்குமாற்றால் அடிக்கப் போனாள். மகளிடம் மட்டும் ஒரு வார்த்தை பேசவில்லை. செத்தான் என்று நைனா சொன்னதை மன்னித்துவிட்டாள். சாகவில்லை என்பதை எடுத்துக்கொடுத்த மகளை ஏன் மன்னிக்கவில்லை என்பது ஐஸ்வர்யாவுக்கு விளங்கவில்லை. ஒருவேளை அம்மாவுக்கும் அந்த முதல் அழுகையே வேண்டியிருந்ததோ என்னவோ.

மழைக்காலம் தொடங்குகிற சமயத்தில் ஒரு காலை, கம்பெனிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவளைக் கஸ்தூரியம்மாள் கூப்பிட்டாள்.

"அவன் ஷூ தண்ணில ஊறி வீணாப் போயிருக்கும். பொங்கலுக்கு ஆட வேணாமா? வேற ஜோடி வாங்கியாந்து வை." பிறகு, கடைக்கு அனுப்புகிற பிள்ளைக்குச் சொல்லுகிற மாதிரி நிதானமாக, "இரும்பு ஆணி வெச்சது. மாத்தி எடுத்தாந்துடாதே" என்றாள்.

"சரிம்மா" என்றாள் ஐஸ்வர்யா.

வாங்கி வந்தும் கொடுத்தாள். அம்மா அதைப் பெட்டியோடு அலமாரியில் வைத்துப் பூட்டிக்கொண்டாள். திரும்பப் பேச்சு நின்றுபோனது.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் ஐஸ்வர்யாவால் தூங்க முடியவில்லை. கம்பெனிக்குப் பக்கத்தில் கூட வேலை செய்கிற சுதாவும் இன்னும் இரண்டு பெண்களும் ரூம் எடுத்திருந்தார்கள். அதில் ஒரு இடம் கேட்டு வாங்கினாள். கிளம்புகிற அன்று அம்மா வீட்டில் இல்லை. ரயிலேறப் போயிருந்தாள்.

நைனா பையைத் தூக்கிப் படகில் வைத்தார். ஏரியைக் கடக்கும்போது முகத்துவாரம் இருக்கிற திசையை இருவருமே பார்க்கவில்லை. அக்கரையில் மீன் விற்கிற பெண்களோடு ஜமுனா உட்கார்ந்திருந்தாள். நண்டைக் கூடையில் கட்டிப் போட்டுக்கொண்டிருந்தவள் இவர்களைக் கண்டதும் முதுகைத் திருப்பிக்கொண்டாள்.

கம்பெனி பஸ் வந்து நின்றது. நைனா பையை எடுத்துக் கொடுத்தார்.

"அம்மாவ நான் பாத்துக்கறேன்" என்றார். "பொங்கலுக்கு நீ வரணும்னு இல்ல, ஐசு."

அவள் தலையாட்டினாள். பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பஸ் நகரும்போது திரும்பிப் பார்த்தாள். நைனா அதற்குள் துறையில் இறங்கி, படகுக்குள் தேங்கியிருந்த தண்ணீரை டப்பாவால் மொண்டு மொண்டு வெளியே ஊற்றிக்கொண்டிருந்தார்.